கம்ப்ரஸர் ஓஸ் பழுது: வீட்டிலே செய்யத் தக்கதும் தகாததும்

(ஊராட்சித் தொட்டி இயக்குநர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், கிராம இளைஞர்கள் ஆகியோருக்காக நடந்த பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நம் விருதுநகர் மாவட்டம் வானத்தை நம்பி வாழும் பூமி. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவிலேயே இங்கு மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் வருவது. வைப்பாற்றிலும் அர்ச்சுனா நதியிலும் ஆண்டின் பல மாதங்கள் நாம் காண்பது மணலையே. இந்த வறண்ட காற்று சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர உதவியாயிற்று. அதே வறட்சிதான், குடிக்கவும் பயிருக்கும் வேண்டிய நீரைப் பூமிக்கு அடியில் தேடும்படி நம்மைச் செய்தது. கண்மாய் வற்றிய காலத்தில் கிணற்றை ஆழப்படுத்தினோம். கிணறும் வற்றியபின் ஆழ்துளைக் கிணறு இறக்கினோம்.

இந்த வேலைகள் பலவற்றில் நமக்கு ஊழியம் செய்வது ஒரே யந்திரம். கிணற்றடியில் பாறையைத் துளைக்கும் கருவிக்குக் காற்று தருவது கம்ப்ரஸர். போரிலிருந்து நீரை மேலே தள்ளுவதும் பல தோட்டங்களில் கம்ப்ரஸர். சாலையோரப் பஞ்சர் கடையில் சக்கரத்துக்குக் காற்றடைப்பதும், சிவகாசி அச்சகங்களில் காற்றால் இயங்கும் உறுப்புகளை இயக்குவதும், பட்டறையில் வர்ணம் தெளிப்பதும் அதுவே. யந்திரம் இரும்பினால் ஆனது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் அந்தக் காற்றை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டு செல்லும் ஓஸ் ரப்பரால் ஆனது; முதலில் கெடுவது அதுதான். அது கெட்டால் வீட்டிலேயே எவ்வாறு சீர்செய்வது, எப்போது சீர்செய்யாமல் மாற்றிவிட வேண்டும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

இது சிறு விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சித்திரை மாதத்தில் காலை 6 மணிக்கு ஓஸ் வெடித்தால் அந்த வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் இல்லை. சமையலுக்குத் தண்ணீர் இல்லை. வேலைக்குச் செல்ல வேண்டிய பெண் குடத்தை எடுத்துக்கொண்டு அலைகிறார். ஒருவர் பஸ் ஏறி நகரத்துக்குச் சென்று சாமான் வாங்கி வருவதற்குள் ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே அவசரத்தில் நம் மக்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றுகிறார்கள். அதன்மேல் கட்டுக்கம்பியை முறுக்குகிறார்கள். தண்ணீர் வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டு விடுபடும் நேரத்தில் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது வாளியோடு நிற்கும் பெண்ணாகவோ, விளையாடும் குழந்தையாகவோ இருக்கும்.

காற்றின் வலிமை

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ஓஸில் டியூப் ரப்பரைச் சுற்றினால் ஒழுக்கு நின்றுவிடுகிறது. அந்த அனுபவத்தை அப்படியே காற்று ஓஸுக்கும் கொண்டு வருவதுதான் தவறு. அழுத்தத்திலுள்ள நீர், குழாய் பிளந்தவுடன் சிறிது பீச்சியடித்து வலுவிழந்துவிடும். ஏனெனில் நீரை அழுத்திச் சுருக்க முடிவதில்லை. காற்று அவ்வாறன்று. ஏறத்தாழ எட்டுப் படிக் காற்றை ஒரு படி அளவுக்குள் அடக்கும்போதே அழுத்தமானி 7 கிலோவைக் காட்டுகிறது. வழி கிடைத்தவுடன் அது மீண்டும் எட்டுப் படியாக விரிகிறது. சுருட்டி வைத்த வில் விடுபடுவது போன்றது அது.

7 கிலோ என்றால் என்ன? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 7 கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். பஞ்சர் கடைக் கணக்கில் சொன்னால் 100 பவுண்டு. நம் மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு நாம் அடைப்பது 30 பவுண்டு அளவே. இனி இந்தக் கணக்கைப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஒட்டின் அடியில் காற்று பரவிவிட்டால், அந்த ஒட்டை வெளியே தள்ளும் விசை 140 கிலோ. மூன்று சிமெண்டு மூட்டைகளின் எடைக்குச் சற்றே குறைவு. சைக்கிள் டியூப்பும் கட்டுக்கம்பியும் இதைத் தாங்கும் என்று நம்பலாமா?

சக்கர டியூப்பில் ஒட்டிய ஒட்டு மட்டும் நிற்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஒட்டுக்கு வெளியே கெட்டியான டயர் இருக்கிறது. ஒட்டு நகர முடியாதபடி அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஓஸுக்கு வெளியே வெறும் காற்றுவெளிதான் உண்டு.

ஓஸின் அமைப்பையும் தெரிந்துகொள்வோம். காற்று ஓஸ் ஒரே ரப்பராக வார்த்ததன்று. உள்ளே காற்றைக் கசியவிடாத ரப்பர்க் குழல். அதன்மேல் கூடை முடைந்ததுபோல் நூற்பின்னல். அதற்கும் மேலே வெயிலிலிருந்தும் உராய்விலிருந்தும் காக்கும் மேலுறை. இவ்வாறு மூன்று அடுக்குகள் உண்டு. அழுத்தத்தைத் தாங்குவது நடுவிலுள்ள நூற்பின்னலே. உட்குழலில் ஊசித்துளை விழுந்தால் காற்று அதன் வழியாக நூலடுக்கினுள் புகுந்து, நூல் வழியே ஊர்ந்து சென்று, வேறோரிடத்தில் மேலுறையைக் கொப்புளமாக உப்பச் செய்கிறது. நாம் ஓரிடத்தில் கட்டினால் அது மற்றோரிடத்தில் வெளிப்படுவது இதனால்தான். கட்டுவதால் துளை மறைகிறதேயன்றிப் பழுது நீங்குவதில்லை. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, நல்ல இரு முனைகளையும் உரிய இணைப்பினால் சேர்ப்பது ஒன்றே பழுதுபார்த்தல் ஆகும்.

மழைக்காலத்தில் ஓஸ் வெடிப்பதேன்?

போர்க் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். கோடை முழுவதும் குறையின்றி உழைத்த ஓஸ், நல்ல மழை பெய்து போரில் நீர் ஏறியவுடன் வெடிக்கிறது. நீர் மிகுந்தால் யந்திரத்துக்கு வேலை எளிதாக அன்றோ வேண்டும்? காரணத்தை அறிந்துகொண்டால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம்.

போரில் நாம் இரண்டு குழாய்களை இறக்குகிறோம். ஒன்று காற்றுக்கு, மற்றொன்று நீருக்கு. காற்றுக் குழாயின் அடிமுனையில் வெளிப்படும் காற்று, நீர்க் குழாயினுள் குமிழ்களாகக் கலக்கிறது. குமிழ் கலந்த நீர், வெறும் நீரைவிட எடை குறைந்தது. ஆகவே சுற்றிலுமுள்ள கனத்த நீர் அதை மேலே தள்ளிவிடுகிறது. பூமிக்குள் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால் மணல் கலந்த நீரையும் இந்த முறையில் எடுக்கலாம். நீர் ஊற்று குறைந்த போர்களுக்கும் இது ஒத்து வருகிறது.

ஆனால் குமிழ் வெளிப்பட வேண்டுமானால், காற்றுக் குழாயின் அடிமுனைக்கு மேலே நிற்கும் நீரின் பாரத்தை வென்றாக வேண்டும். 10 மீட்டர் உயர நீருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. காற்றுக் குழாய் 90 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் நீர்மட்டம் 70 மீட்டரில் இருந்தால், முனைக்கு மேலே நிற்பது 20 மீட்டர் நீர். யந்திரம் தொடங்க 2 கிலோ அழுத்தம் போதும். கார்த்திகையில் நீர்மட்டம் 30 மீட்டருக்கு ஏறிவிட்டால், மேலே நிற்பது 60 மீட்டர் நீர். இப்போது தொடங்குவதற்கே 6 கிலோ வேண்டும். கோடை வெயிலில் காய்ந்து வலுவிழந்த ஓஸின்மேல், மழைக்காலத்தில் மூன்று மடங்கு அழுத்தம் ஏறுகிறது. நீர் ஓடத் தொடங்கிப் போரில் மட்டம் தாழ்ந்தபின் அழுத்தமும் தாழும். ஆகையால் ஓஸ் வெடிப்பது பெரும்பாலும் ஸ்விட்சைப் போட்ட சில நிமிஷங்களில்தான். அந்த நேரத்தில் ஓஸின் அருகே நிற்கலாகாது என்பதையும் இதிலிருந்து அறிகிறோம்.

ஆகவே ஓஸைப் பரிசோதிக்க உரிய மாதம் புரட்டாசி. மழைக்கு முன் ஓட்டைப் பார்த்துச் சரிசெய்வதுபோல், மழைக்கு முன் ஓஸையும் பார்த்துவிட வேண்டும்.

எங்கே கெடுகிறது?

ஓஸ் நடுவில் கெடுவதைவிட முனைகளில் கெடுவதே அதிகம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பம். காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது; கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்றின் சூடு, நீரின் கொதிநிலையையும் எளிதில் கடந்துவிடும். அந்தச் சூடு நேரே தாக்கும் முதல் ஓர் அடி நீள ரப்பர் நாளடைவில் கட்டையாக இறுகி, வெடிப்பு விடுகிறது. கம்ப்ரஸருக்கும் ஓஸுக்கும் இடையே சில அடி நீளமுள்ள இரும்புக் குழாயை அமைத்தால், காற்று அதில் சிறிது ஆறிய பின்னரே ரப்பரைச் சேரும். ஓஸின் ஆயுளும் நீடிக்கும். இரண்டாவது காரணம் மடிப்பு. ஓஸின் கனம் முழுவதும் இணைப்பின் கழுத்தில் தொங்கும்படி விட்டால், அங்கே நூல்கள் ஒவ்வொன்றாக அறுகின்றன.

இவையன்றி வெயில், எண்ணெய், கரட்டு நிலத்தில் இழுத்தல், வண்டிச் சக்கரம் ஏறுதல், எலியும் அணிலும் கடித்தல் ஆகியவையும் ஓஸைக் கெடுக்கின்றன. கம்பி கட்டித் தொங்கவிடுவதும் கேடே. கம்பி சிறிது சிறிதாக மேலுறையை அறுத்துவிடும்.

சீர்செய்யத் தக்கதும் தகாததும்

வேலையைத் தொடங்குமுன் ஓஸை முழு நீளமும் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். யந்திரத்தை நிறுத்தி, காற்றை முற்றிலும் வெளியேற்றியபின் செய்ய வேண்டிய சோதனை இது.

ஓரிடத்தில் மட்டும் துளையோ வெட்டோ இருந்து, மற்ற பகுதி இளக்கமாக இருந்தால் சீர்செய்யலாம். முனையில் மட்டும் வெடிப்பு இருந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் முனையை மாட்டலாம். மேலுறை சிராய்த்து, நூல் தெரியாமல் இருந்தால் உடனே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடையாளமிட்டு வைத்துக் கவனித்து வந்தால் போதும்.

ஆனால் வளைத்த இடமெல்லாம் வெடிப்பு தெரிந்தால், ஓஸ் கட்டையாக இறுகியிருந்தால், பல இடங்களில் நூல் வெளியே வந்திருந்தால், எங்கேனும் கொப்புளம்போல் உப்பியிருந்தால், அந்த ஓஸைச் சீர்செய்யலாகாது. கொப்புளத்தைக் குத்திக் காற்றை விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டாம். ஒரே ஓஸில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வந்துவிட்டாலும் புதிது வாங்குவதே சிக்கனம்.

நம் ரயில்களின் முறை இதற்கு நல்ல உதாரணம். விருதுநகர் சந்திப்பில் ரயில் நிற்கும்போது இரு பெட்டிகளுக்கு இடையே பாருங்கள்; பிரேக்குக்குக் காற்று கொண்டு செல்லும் ரப்பர் ஓஸ்கள் தொங்கும். பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம் இருக்கும். ஓஸ் அறுந்தால் காற்று வெளியேறி, வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த ஓஸ் கெட்டால் ஒட்டுப்போடுவதில்லை; கழற்றி எறிந்து வேறொன்றை மாட்டுகிறார்கள். எது மனித உயிரைத் தாங்குகிறதோ, அதில் பழுதுபார்த்தலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே இதன் கருத்து.

செய்முறை

இனிச் செய்முறையைச் சொல்கிறோம். வேண்டிய சாமான்கள் சிலவே: கூரிய கத்தி ஒன்று, ஓஸின் உள் அளவுக்குச் சரியான, இருபுறமும் வரிப்பற்கள் உள்ள பித்தளை இணைப்பு நிப்பிள் ஒன்று, திருகு வைத்த ஓஸ் கிளிப் நான்கு, திருப்புளி, சோப்பு நீர், ஒரு முழக் கயிறு, கண்ணாடி. கண்ணாடி என்றது கண்ணுக்கு அணியும் காப்புக் கண்ணாடியை. ஓஸின் அளவு பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அரை அங்குல ஓஸுக்கு அரை அங்குல நிப்பிளே வேண்டும். பெரியதை வற்புறுத்தி ஏற்றினால் நூல் கிழியும், சிறியதை நுழைத்து இறுக்கினால் கழன்றோடும்.

முதலாவதாக, மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டதே என்று வீட்டிலுள்ள வேறொருவர் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடும்.

இரண்டாவதாக, காற்றை வெளியேற்ற வேண்டும். மோட்டார் நின்றதும் காற்றும் நின்றுவிட்டது எனக் கருதலாகாது. தொட்டியிலும் குழாயிலும் அடைபட்ட காற்று மணிக்கணக்கில் இருக்கும். காற்றை விடும் வால்வை மெல்லத் திறந்து, சீற்றம் முற்றிலும் அடங்கி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குமுன் எந்தக் கிளிப்பையும் தளர்த்தக் கூடாது.

மூன்றாவதாக, கசியும் இடத்தைக் கண்டறிய வேண்டும். பெரிய வெடிப்பு கண்ணுக்கே தெரியும். சிறு துளையானால் ஓஸைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் சைக்கிள் பம்பினால் சிறிதளவு காற்றைச் செலுத்தி, நீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். பஞ்சர் கடைக்காரர் டியூப்பில் செய்வதுபோல், குமிழ் வரும் இடத்தில் அடையாளமிட வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடும் வழக்கம் மிகவும் அபாயமானது. ஊசித்துளையிலிருந்து வரும் காற்று தோலுக்குள் புகுந்துவிட்டால் வெளியே காயம் சிறிதாகத் தெரியும்; உள்ளே கேடு பெரிதாகிவிடும். அவ்வாறு நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நான்காவதாக, அடையாளத்துக்கு இருபுறமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் விட்டு, கெட்ட பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். கத்தியைச் சோப்பு நீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் சுலபமாக அறும். வெட்டு செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் பிடிப்பு குறையும். வெட்டிய முகத்தைப் பாருங்கள். மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நல்லது. அடுக்குகள் விலகி நின்றால் இன்னும் சிறிது வெட்ட வேண்டும். மேலும் விலகியே இருந்தால் அந்த ஓஸின் ஆயுள் முடிந்தது.

ஐந்தாவதாக, ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப்புகளை முதலிலேயே கோத்துக்கொண்டு, நிப்பிளைச் சோப்பு நீரில் நனைத்து, வரிப்பற்கள் முழுவதும் உள்ளே மறையும்வரை திருகித் திருகி நுழைக்க வேண்டும். எண்ணெயும் கிரீஸும் ஆகா. சோப்பு நீர் காய்ந்துவிடும். எண்ணெய் காயாமல் நின்று ஓஸை வழுக்கச் செய்வதோடு ரப்பரையும் அரிக்கும். முக்கால் அங்குல ஓஸில் 7 கிலோ அழுத்தம் ஏறும்போது, ஓஸை நிப்பிளிலிருந்து பிடுங்கி எறிய முயலும் விசை ஏறக்குறைய 20 கிலோ என்பதை மறக்கலாகாது.

நிப்பிளுக்குப் பதிலாக பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகுவோர் உண்டு. அது கூடவே கூடாது. நீருக்கு நல்லதான அந்தக் குழாய், காற்றழுத்தத்தில் உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல் சிதறும். வழவழப்பான இரும்புக் குழாய்த் துண்டும் உதவாது. பிடிப்பதற்கு அதில் வரிப்பல் இல்லை.

ஆறாவதாக, கிளிப்புகளை இறுக்க வேண்டும். ஓஸின் விளிம்பிலிருந்து அரை விரற்கடை உள்ளே, வரிப்பற்களின் மேல் அமையும்படி வைத்து, ஒரு கிளிப்பின் திருகு ஒரு பக்கமும் மற்றதன் திருகு எதிர்ப்பக்கமும் இருக்கும்படி முறுக்குங்கள். ரப்பர் கிளிப்பின் ஓரத்தில் சிறிது பிதுங்கும் அளவு போதும். ரப்பர் அறுபடும்வரை முறுக்கினால் நாமே புதிய வெடிப்பை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஏழாவது சோதனை. இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. இணைப்பின் இருபுறமும் ஓஸைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, அருகிலுள்ள கம்பத்தோடு பிணைத்துவிட வேண்டும். இணைப்பு விட்டுப்போனாலும் ஓஸ் பாம்புபோல் துள்ளி அடிக்காமல் இந்தக் கயிறு தடுக்கும். குழந்தைகளை அப்புறப்படுத்தி, கண்ணாடி அணிந்து, ஓஸுக்கு நேர் எதிரில் நில்லாமல் தள்ளி நின்று மோட்டாரைப் போடுங்கள். அழுத்தம் ஏறி நிலைபெற்றுப் பத்து நிமிஷம் ஓடியபின் நிறுத்தி, காற்றை விடுமுன் இணைப்பில் சோப்பு நுரையை ஒரு குச்சியில் கட்டிய துணியால் பூசிப் பார்க்க வேண்டும். குமிழ் வராவிட்டால் வேலை நன்று. வந்தால் மீண்டும் காற்றை வெளியேற்றியபின்தான் கிளிப்பைத் தொட வேண்டும். மறுநாள், சூடேறி ஆறிய ரப்பர் சிறிது தளர்ந்திருக்கும். அப்போதும் காற்றை விட்டுவிட்டு ஒருமுறை இறுக்கிவிடுவது நலம்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை

பிளாஸ்டிக் ஓஸின் முனை நிப்பிளில் ஏறாவிட்டால், தீக்குச்சியையோ தீப்பந்தத்தையோ காட்டி இளக்குவது எங்கும் உள்ள வழக்கம். அதனால் ஓஸ் ஓரிடத்தில் கருகி, மெலிந்து வலுக்குன்றும். முனையை இரண்டு நிமிஷம் கொதிநீரில் அமிழ்த்தினாலே போதுமான அளவு இளகிவிடும். எந்த ஊராருக்கும் இது நல்ல யோசனை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இது கட்டாயம். இங்கே பட்டாசு ஆலைகளில் வேலை செய்து திரும்புவோரின் உடையிலும் பையிலும் மருந்துத் தூள் ஒட்டியிருக்கக் கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை நம் மாவட்டம் மறக்கவில்லை. தீயின்றி முடியும் வேலைக்குத் தீயை அழைக்க வேண்டாம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் காற்று ஓஸைப் பிடித்து உடையிலும் உடலிலும் உள்ள தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடம் காணப்படுகிறது. இது எவ்விடத்தும் தீது. கண், காது, வாய் வழியாகக் காற்று புகுந்து உயிருக்கே உலை வைக்கக் கூடும். அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு விதி, துப்புரவு வேலைக்குக்கூட 30 பவுண்டுக்குக் குறைந்த காற்றையே, தக்க காப்புகளுடன் உபயோகிக்க அனுமதிக்கிறது. பட்டாசுத் தொழிலில் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் புழங்குகின்றன. காற்றினால் ஊதினால் இத்தூள் மேகம்போல் எழும்பும். உலர்ந்த காற்று ரப்பர்க் குழாய் வழியே விரையும்போது நிலைமின்சாரமும் உண்டாகும். இரண்டும் சேர்ந்தால் ஒரு பொறியே போதும். மருந்து ஒட்டிய உடையைக் கழற்றி நீரில் நனைத்துத் துவைப்பதே வழி.

வீட்டு யந்திரத்துக்குச் சொன்ன இம்முறையை ஆலைக்குள் கொண்டு செல்லவும் கூடாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காற்றழுத்தத்தால் இயங்கும் சாதனங்களில் பத்திரமான அழுத்தம் மீறப்படாமல் காக்கும் பொறுப்பைத் தொழிற்சாலைக்கு விதித்திருந்தது. பட்டாசு ஆலைகள் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. அங்கே ஓஸ் கசிந்தால், தொழிலாளி தாமே கட்ட முற்படாமல், ஃபோர்மேனிடம் சொல்லி யந்திரத்தை நிறுத்தச் செய்வதே கடமை. அவ்வாறு சொல்பவரை வேலையைக் கெடுப்பவராக எண்ணாமல், உயிரைக் காப்பவராக மதிக்க வேண்டும்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே எல்லாச் சாமானையும் வாங்கி வைப்பது இயலாது, அவசியமும் இல்லை. ஓர் ஊரில் பத்துக் கம்ப்ரஸர்கள் இருந்தால், அந்தப் பத்து வீட்டாரும் சேர்ந்து ஒரு பெட்டியை ஏற்படுத்தலாம். அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆகிய அளவுகளில் சில நிப்பிள்கள், இரண்டு டஜன் கிளிப்புகள், நல்ல ஓஸ் சில மீட்டர், கத்தி, திருப்புளி, காப்புக் கண்ணாடி, வேலை பார்க்கும் அழுத்தமானி ஆகியவை அதில் இருக்கட்டும். பெட்டியை மகளிர் குழுவினர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். எடுத்த சாமானுக்கு விலை வைத்து, மீண்டும் வாங்கி நிரப்பலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் ஒருவர் ஊரில் இருந்தால், அவரைக் கொண்டு மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லலாம். சித்திரை மாதத்தில் ஓஸ் வெடித்தாலும், ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டில் தண்ணீர் ஓடும். ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

ஓஸ் வாங்கும்போது விலையை மட்டும் பாராமல், அதன்மேல் அச்சிட்ட வேலையழுத்தத்தையும் பாருங்கள். நல்ல காற்று ஓஸ்கள், அந்த அளவைப்போல் நான்கு மடங்கு அழுத்தத்தில்தான் வெடிக்கும்படி செய்யப்படுகின்றன. இந்த உபரி வலிமை, அழுத்தத்தைக் கூட்டி வேலை வாங்குவதற்காக வைத்ததன்று. வெயிலிலும் சூட்டிலும் ஆண்டுதோறும் ஓஸ் தேயும்போது நம்மைக் காப்பதற்காக வைத்தது. காப்பு வால்வு ஊதுகிறது என்று அதை அடைத்துவிடுபவர், அந்தக் காவலையும் தாமே நீக்கிவிடுகிறார்.

வாங்கிய ஓஸில் மாதத்தையும் ஆண்டையும் வர்ணத்தால் எழுதி வையுங்கள். ஆணியில் மாட்டாமல், பழைய சக்கர வளையத்தைச் சுவரில் பதித்து அதில் சுற்றி வையுங்கள். தரையில் போக வேண்டிய ஓஸை நிழலில் விடுங்கள். வண்டி கடக்கும் இடத்தில் இரும்புக் குழாய்க்குள் நுழைத்து விடுங்கள். முனைகளில் கனம் தொங்காதபடி முட்டுக் கொடுங்கள்.

இன்று வீடு திரும்பியதும், யந்திரத்தை நிறுத்திக் காற்றை விட்டபின், உங்கள் ஓஸை முழு நீளமும் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். எங்கேனும் டியூப்பும் கம்பியும் சுற்றிய கட்டு இருந்தால், அதை அவிழ்த்து, கெட்ட பகுதியை வெட்டி, முறைப்படி இணையுங்கள். இணைக்கத் தகாததாயின் தயங்காமல் மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். வரும் பருவ மழையில் நம் போர்களில் நீர் உயரட்டும்; அந்த நீரை எடுக்கும்போது நம் ஊரில் ஒருவர் கண்ணுக்கும் கைக்கும் தீங்கு நேராதிருக்கட்டும்.